கையுறையும் பயிற்சியும் போதுமா?

உலகச் சுற்றுச்சூழல் நாள் நெருங்கினால் குப்பை பொறுக்கும் பெண்களுக்குக் கையுறை கிடைத்துவிடும். ஏதாவதொரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து பளபளக்கும் மேல்சட்டை, ரப்பர் பூட்ஸ், ஒரு நாள் பயிற்சி, பெயர் பொறித்த சான்றிதழ் எல்லாம் வரும். படம் பிடித்து முடிந்ததும் வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள். கையுறை சில நாளில் மூலைக்குப் போய்விடும். கசங்கிய கவர் பால் பாக்கெட்டா, பிஸ்கட் உறையா என்று விரல் நுனியால் தடவிப் பார்த்து நொடியில் முடிவு செய்ய வேண்டிய வேலைக்குத் தடித்த ரப்பர் கையுறை ஒத்துவராது. கொடுத்தவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மறுசுழற்சியில் ஈடுபடும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் நம் நாட்டில் கிடைக்கிற உதவியும் ஆலோசனையும் பெரும்பாலும் இந்தக் கையுறை மாதிரியே இருக்கின்றன. வேலையைப் பார்க்காமல், வேலை செய்பவரைத் திருத்த வந்த உதவி. இந்த அமைப்புகள் விழுவது பயிற்சி போதாததால் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊருக்குச் செய்கிற வேலைக்கு ஊர் கூலி தராததாலும், தருவதாகச் சொன்ன கூலிக்கு உறுதியான ஒப்பந்தம் இல்லாததாலும்தான் விழுகின்றன. அதைச் சரிசெய்யாத உதவி எத்தனை வந்தாலும் நிற்பதில்லை.

தொழில் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். குளிர்பான பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டிலின் உடம்பு ஒரு வகைப் பிளாஸ்டிக், மூடி வேறு வகை, சுற்றி ஒட்டியிருக்கும் லேபிள் மூன்றாவது வகை. துண்டாக்கித் தண்ணீரில் போட்டால் உடம்பு மூழ்கும், மூடி மிதக்கும். மூன்றும் கலந்தே விற்றால் அடிமாட்டு விலை. லேபிளைக் கிழித்து, மூடியைத் திருகி எடுத்து, உடம்பை மிதித்து நசுக்கித் தனித்தனி மூட்டையாக்கினால் விலை ஏறும். பால் பாக்கெட்டை அலசிக் காயவைத்தால் ஒரு விலை, பாலோடு நாறினால் வேறு விலை. அட்டை நனைந்திருந்தால் ஈரத்துக்கென்று கடைக்காரர் கிலோவுக்கு இவ்வளவு என்று கழித்துக்கொள்வார். ஆகவே மறுசுழற்சியின் முதல் இயந்திரம், ஒரு பெண்ணின் இரண்டு கைகளும் அவள் உட்கார்ந்து பிரிக்க ஒரு கூரையும்தான். கூரை இல்லாதவள் அன்றன்றைக்குச் சேர்த்ததை அன்றன்றைக்கே பழைய இரும்புக் கடையில் போட்டுவிட வேண்டும். கடைக்காரர் சொன்னதுதான் விலை. கூரை இருந்தால் ஒரு லாரி அளவு சேரும்வரை வைத்திருந்து மொத்த வியாபாரிக்கே விற்கலாம். தெருவோரம் பிரித்தால் கூலி, கூரைக்குக் கீழே பிரித்தால் லாபம். கூரைக்கான இடம் மாநகராட்சியிடம்தான் இருக்கிறது. நகரத்தில் குப்பையைப் பிரிக்க யாரும் வாடகைக்கு இடம் தருவதில்லை, கொடுத்தாலும் கட்டுப்படியாவதில்லை.

இந்தச் சிக்கலை நெடுநாளாக எதிர்கொண்டுவரும் ஊர் புனே. 1990 வாக்கில் அங்குள்ள எஸ்என்டிடி மகளிர் பல்கலைக்கழகத்தின் முதியோர் கல்வித் துறை, குப்பை பொறுக்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவிக்கப் போனது. போனவர்களுக்குச் சீக்கிரமே புரிந்தது: இந்தப் பெண்களுக்கு முதலில் தேவைப்பட்டது குப்பைத்தொட்டியில் கை விடாமல் வீட்டு வாசலிலேயே தரம் பிரித்த குப்பையை வாங்கிக்கொள்ளும் வழி. அதற்கு ஏற்பாடு செய்தார்கள். கொஞ்ச நாளில் தனியார் ஒருவர் அதே தெருக்களில் வண்டி விட்டு அதே சரக்கைச் சேகரிக்க முனைந்தார். வாசலுக்கு வந்த பிழைப்பு பறிபோகும் நிலை. பெண்கள் எதிர்த்து நின்றார்கள். அந்த எதிர்ப்பிலிருந்துதான் சங்கம் பிறந்தது. சுமைதூக்கும் தொழிலாளர்களைத் திரட்டிய பாபா ஆடவ் துணை நிற்க, 1993 மே மாதம் நடந்த மாநாட்டில் காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்து என்ற தொழிற்சங்கம் உருவானது. காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளிகளின் பஞ்சாயத்து என்று அர்த்தம். உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் தலித் பெண்கள்.

சங்கம் முதலில் கேட்டது பணமில்லை, அடையாள அட்டை. குப்பை மூட்டையோடு போகும் பெண்ணைப் போலீஸ்காரர் திருடி என்று நிறுத்தும் நாட்டில் அந்த அட்டைதான் முதல் உதவி. 1995, 96 ஆண்டுகளில் புனே மாநகராட்சி அந்த அட்டையை அங்கீகரித்தது. 1997இல் சங்கத்தினர் தங்களுக்கென்று கடன் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கி வட்டிக்காரர் பிடியிலிருந்து கொஞ்சம் விலகினார்கள். அடுத்து அவர்கள் செய்த காரியத்தை இந்தத் துறையில் ஆலோசனை சொல்கிறவர்கள் எல்லாரும் கவனிக்க வேண்டும்: கணக்குப் போட்டார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்காக 2001இல் செய்யப்பட்ட ஆய்வில், ஒரு குப்பை பொறுக்குபவர் மாநகராட்சிக்கு மாதம் 246 ரூபாய் மதிப்புள்ள உழைப்பை இலவசமாகத் தருகிறார் என்று தெரியவந்தது. அவர் எடுத்த ஒவ்வொரு கிலோவையும் மாநகராட்சி லாரியில் ஏற்றிக் கிடங்குக்குக் கொண்டுபோயிருந்தால் ஆகியிருக்கும் செலவு அது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பேசியதால்தான் 2002-03இல் பதிவுபெற்ற குப்பை சேகரிப்பாளர்களுக்கு மாநகராட்சி செலவில் மருத்துவக் காப்பீடு கிடைத்தது. அதுவரை இரக்கத்தின் பெயரில் வந்துகொண்டிருந்த உதவி, அன்று முதல் பாக்கித் தொகையாக மாறியது. எந்தப் பயிற்சி முகாமும் தராத பலம் அது.

பிறகு வந்தது சங்கத்தினரின் ‘ஸ்வச்’ கூட்டுறவு. 2000ஆம் ஆண்டின் நகரத் திடக்கழிவு விதிகள் வீடு வீடாகக் குப்பை சேகரிக்கச் சொன்னபோது, அந்த வேலை யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. லாரி வைத்திருக்கும் ஒப்பந்ததாரருக்கா, ஏற்கெனவே தெருவில் இருக்கும் பெண்களுக்கா? சில ஆண்டுகள் சோதனையாக நடத்திப் பார்த்துவிட்டு, 2007இல் கூட்டுறவாகப் பதிவு செய்து, 2008இல் மாநகராட்சியோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டார்கள். இருவர் சேர்ந்து ஒரு தள்ளுவண்டியோடு இருநூறு முந்நூறு வீடுகளுக்குப் போவார்கள். மக்கும் குப்பையை மாநகராட்சி வண்டி நிற்கும் இடத்தில் சேர்ப்பார்கள். மக்காததைப் பிரித்து விற்று வரும் பணம் அவர்களுக்கே. வீடுகள் மாதக் கட்டணத்தை நேரடியாக அவர்கள் கையில் கொடுக்கும். தொடக்க ஆண்டுகளில் இது 10 முதல் 30 ரூபாய் வரை இருந்தது. குடிசைப் பகுதிகளில் கட்டணம் குறைவாகவே வசூலாகும் என்பதால் அங்கே மாநகராட்சி மானியம் சேர்த்தது. வண்டி, கூடை, சீருடை, பிரிப்பதற்கான கொட்டகை, இவற்றோடு கூட்டுறவின் அலுவலகச் செலவையும் மாநகராட்சி ஏற்றது. இன்று உறுப்பினர்கள் மூவாயிரத்துக்கும் மேல். நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை குப்பை சேகரிப்பவர்களே.

அலுவலகச் செலவு என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டேன். உண்மையில் இந்த ஏற்பாடு முழுவதையும் தாங்குவது அதுதான். ஒரு தெருவில் ஒருத்தி காய்ச்சலில் படுத்தால் அன்று அந்த வீடுகளுக்கு யார் போவது? பணம் தராத வீட்டில் யார் பேசுவது? மழைக்காலத்தில் கொட்டகை ஒழுகினால் எந்தப் பொறியாளரிடம் மனு கொடுப்பது? சுகாதார ஆய்வாளர் மாறி வந்து பழைய ஏற்பாட்டை ஒத்துக்கொள்ளாவிட்டால் யார் ஆவணத்தைக் காட்டுவது? இவற்றுக்கெல்லாம் சம்பளத்துக்கு ஆள் வேண்டும். நன்கொடை தருகிறவர்கள் வண்டி வாங்கித் தருவார்கள், வண்டியில் பெயரும் எழுதிக்கொள்வார்கள். கணக்கர் சம்பளத்துக்குப் பணம் கேட்டால் ‘நிர்வாகச் செலவுக்கு நாங்கள் தருவதில்லை’ என்பார்கள். வண்டி துருப்பிடித்து நிற்பதற்கும் ஓடுவதற்கும் இடையில் இருப்பது அந்தக் கணக்கர்தான் என்று நன்கொடையாளருக்குப் புரியவைக்க இன்னும் யாராலும் முடியவில்லை.

இத்தனை செய்தும் புனேயின் கூட்டுறவு நிம்மதியாக இருந்ததில்லை. 2013 இறுதியில் முதல் ஒப்பந்தம் முடிந்தபோது அது உடனே புதுப்பிக்கப்படவில்லை. அடுத்த ஐந்தாண்டு ஒப்பந்தம் 2016 தொடக்கத்தில்தான் வந்தது. 2020 டிசம்பரில் அதுவும் முடிந்தது. தனியாருக்குக் கொடுத்துவிடலாமா என்ற பேச்சு மறுபடி எழுந்தது. பெண்கள் வீதிக்கு வந்தார்கள், குடியிருப்போர் பலரும் ஆதரவாகப் பேசினார்கள், குறுகிய கால நீட்டிப்பு கிடைத்தது. இப்படி நீட்டிப்பில் நடக்கும் அமைப்புக்கு வங்கி கடன் தராது. மூன்று மாதத்தில் வேலை இருக்குமோ இருக்காதோ என்று தெரியாத பெண் கூட்டுறவுக்குச் சந்தா கட்டவும் தயங்குவாள். இருபது ஆண்டு ஒப்பந்தத்தோடு குப்பை எரியுலைக்கு முதலீட்டாளர்களை அழைக்கும் அதே நகர நிர்வாகங்கள், கூட்டுறவிடம் மட்டும் ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்கின்றன. அந்த முதலீட்டாளருக்கு யாரும் சுயசார்பு பற்றி வகுப்பெடுப்பதில்லை.

சென்னைக்கும் இதில் ஒரு கதை உண்டு, அதைச் சொல்லாமல் போக முடியாது. வங்கி அதிகாரியாக இருந்த எம்.பி. நிர்மல் 1989இல் தொடங்கிய எக்ஸ்னோரா, தெருவாரியாகக் குடியிருப்போர் மன்றங்களை உண்டாக்கியது. ஒவ்வொரு வீடும் மாதம் சிறு தொகை போட்டு, மூன்று சக்கர வண்டியோடு ஒருவரை வைத்துக் குப்பை எடுத்தார்கள். அவர்களில் பலர் அதற்கு முன்பு குப்பை பொறுக்கியவர்கள். தெருவை அழகுபடுத்துபவர் என்ற பெயரும் கொடுத்தார்கள். நாடெங்கும் பேசப்பட்ட முயற்சி அது. 2000ஆம் ஆண்டில் நகரின் மூன்று மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலை வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. லாரி இலவசமாக வரும்போது தெரு மன்றத்துக்கு ஏன் மாதப் பணம் என்று வீடுகள் கேட்டன, நியாயமான கேள்விதான். மன்றங்கள் மெல்லத் தளர்ந்தன. அவர்களுக்கும் மாநகராட்சிக்கும் இடையே புனேயில் இருந்ததைப் போன்ற ஒப்பந்தம் எதுவும் இல்லை; நல்லுறவு இருந்தது. அதிகாரி மாறினால் நல்லுறவும் மாறிவிடும். வண்டி தள்ளியவர்களுக்குச் சங்கமும் இல்லை. அவர்கள் தெரு மன்றத்தின் ஊழியர்கள், மன்றத்தின் உரிமையாளர்கள் அல்லர். மன்றம் கலைந்தபோது அவர்களுக்காகப் பேச யாரும் மிஞ்சவில்லை.

சென்னையில் அந்த வெளிநாட்டு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் கூலி டன் கணக்கில் இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். எவ்வளவு எடை கிடங்குக்கு வந்து சேர்கிறதோ அவ்வளவு பணம். இந்தியாவின் பல நகரங்களில் இதுதான் வழக்கம். எடைக்குக் கூலி வாங்குகிறவருக்கு மறுசுழற்சி நஷ்டம். வழியில் யாராவது ஒரு மூட்டை அட்டையை எடுத்துக்கொண்டால் அவர் வருமானத்தில் அது துண்டு. ஈரமும் மண்ணும் கட்டட இடிபாடும் லாபம். டன் கணக்கு ஒப்பந்தத்தைப் போட்டுவிட்டு, அதே அலுவலகத்தின் இன்னொரு அறையில் மறுசுழற்சி விழிப்புணர்வுப் பேரணிக்கு அனுமதி கொடுப்பது நம் நிர்வாகங்களின் வாடிக்கை.

குப்பை பொறுக்குபவர் விற்றுச் சம்பாதிக்கிறாரே, அவருக்கு மாநகராட்சி வேறு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. சரக்கின் விலையை நம்பி இந்தத் தொழிலை ஓட்ட முடியுமா என்று 2008 இறுதி காட்டியது. அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்த சில வாரங்களில் இந்தியாவில் பழைய காகிதம், தகரம், பிளாஸ்டிக் பலவற்றின் விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. பொறுக்கியவர்கள் முந்தைய மாதம் உழைத்ததைவிடக் குறைவாக உழைக்கவில்லை. தெருவும் முன்புபோலவே சுத்தமானது. தெரு சுத்தமாவது ஒரு சேவை, அட்டை விற்பது ஒரு வியாபாரம். இரண்டையும் ஒரே பெண் செய்கிறாள் என்பதால் வியாபாரத்தில் வரும் காசையே சேவைக்கும் கூலியாகக் கழித்துக்கொள்வது சரியாகாது. வரி ஏற்பாடும் முறையாக நடக்கிறவர்களுக்கே சுமை. பிளாஸ்டிக் கழிவுக்கான ஜிஎஸ்டி 2021 அக்டோபரில் 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. ரசீது போட்டு விற்கும் கூட்டுறவு அந்த வரியைச் சேர்த்தாக வேண்டும். கைக்குக் கை விற்கும் இடைத்தரகர் சேர்க்க மாட்டார். ‘முறைப்படுத்திக்கொள்ளுங்கள்’ என்று ஆலோசனை சொல்கிறவர்கள், முறைப்படி நடந்தால் கூடுகிற செலவை யார் தாங்குவது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

இதற்கு விடை கண்ட ஊர்கள் இருக்கின்றன. கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் குப்பை பொறுக்குவோர் சங்கத்தினர் தங்களைத் தவிர்த்துவிட்டு நடந்த ஒப்பந்தப்புள்ளிகளை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 2003இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அவர்கள் பக்கம் பேசியது. 2011இல் நகரக் குப்பைக்கான பெரிய ஒப்பந்தப்புள்ளி ஒன்றையே நிறுத்திவைத்து, இவர்களைச் சேர்க்கும் திட்டத்தோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டது. 2013 மார்ச்சில், மீட்டெடுத்துக் கொண்டுவந்த எடைக்கு ஏற்ப நகரம் அவர்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. சரக்கை விற்ற காசு தனி. இது சேவைக்கான கூலி, வீடுகள் கட்டும் துப்புரவுக் கட்டணத்திலிருந்து வருவது. அந்தப் போராட்டத்தில் முன்நின்ற நோரா பாதியாவுக்கு அதே ஆண்டு கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. பொகோட்டாவிலும் எடைக்குத்தான் கூலி. ஆனால் கிடங்கில் கொட்டிய எடைக்குப் பதிலாக, கிடங்குக்குப் போகாமல் காப்பாற்றிய எடைக்கு. பிரேசில் வேறு வழியில் போனது. குப்பை சேகரிப்போர் கூட்டுறவுகளை ஒப்பந்தப்புள்ளி இல்லாமலே நகராட்சிகள் அமர்த்திக்கொள்ளலாம் என்று 2007இல் சட்டம் செய்தது; 2010இன் தேசியக் கழிவுக் கொள்கை அவர்களை ஏற்பாட்டின் அங்கமாக்கியது. லாரிகளும் வங்கி உத்தரவாதமும் கேட்கும் ஒப்பந்தப்புள்ளியில் தள்ளுவண்டிக் கூட்டுறவு நுழையவே முடியாது என்ற எளிய உண்மையை அவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

பொகோட்டாவிலும் எல்லாம் நேராகிவிடவில்லை. பணம் வரத் தொடங்கியதும் பழைய பொருள் வியாபாரிகள் சிலர் தாங்களே சங்கம் அமைத்துக்கொண்டு கூலியில் பங்கு கேட்டார்கள். 2016இல் வந்த ஆணை, சங்கங்கள் ஐந்தாண்டில் முழுமையான பொதுச் சேவை நிறுவனங்களாக மாற வேண்டும் என்றது. எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களின் சங்கங்களுக்கு அது பெரும் பாரம். ஆலோசனைக்கு உண்மையான தேவை எழுவது இந்தக் கட்டத்தில்தான் என்பது என் கணிப்பு. எடைச் சீட்டு எப்படி எழுதுவது, உறுப்பினர் பட்டியலில் போலிப் பெயர் நுழையாமல் எப்படிப் பார்ப்பது, ஒப்பந்தத்தின் அபராதப் பிரிவில் எதற்கு மறுப்புச் சொல்வது, தணிக்கைக்கு எந்தத் தாளை வைத்திருப்பது. கையில் வருமானமும் ஒப்பந்தமும் இருக்கும்போது இந்தப் பாடங்கள் தாமாகவே மனதில் ஏறும். ஒன்றும் இல்லாதவரிடம் வணிகத் திட்டம் வரையச் சொல்லித் தருவது வெறும் பொழுதுபோக்கு.

கூட்டுறவுகளில் ஊழல் இல்லையா, சண்டை இல்லையா, படித்த நாலுபேர் நடத்த மற்றவர்கள் கைநாட்டு வைக்கும் நிலை இல்லையா என்றால், உண்டு. நாட்டில் பதிவான கூட்டுறவுகளில் பெயர்ப்பலகையோடு நின்றுபோனவை ஏராளம். புனேயிலும் எல்லாத் தெருவிலும் எல்லா நாளும் வண்டி வந்துவிடுகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒப்பிட வேண்டியது குறையே இல்லாத ஏதோ ஒன்றோடு இல்லை. பக்கத்தில் இருக்கும் ஒப்பந்ததாரரோடு. அவர் தாமதித்தால் அபராதம் போட்டு அடுத்த மாதம் பில் தொகையைக் கொடுத்துவிடுகிறோம். கூட்டுறவு தடுமாறினால் ‘இந்த மாதிரியே வேலைக்காகாது’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெங்களூரில் இதைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தார்கள். புனே சங்கத்தைக் கட்டியவர்களில் ஒருவரான நளினி சேகர் அங்கே தொடங்கிய ஹசிரு தளா அமைப்பின் முயற்சியால் 2011 முதல் மாநகராட்சியே அடையாள அட்டை வழங்கியது. வார்டுதோறும் உலர்கழிவு மையங்கள் வந்தபோது அவற்றில் பலவற்றை முன்னாள் குப்பை பொறுக்குபவர்களே ஏற்று நடத்தினார்கள். ஒரு மையத்தைத் தன் பெயரில் எடுத்து, நாலு பேரை வேலைக்கு வைத்துக்கொண்ட பெண்களுக்கு யாரும் தொழில்முனைவு பற்றிப் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. சரக்கின் தரமும் சந்தையும் அவர்களுக்கு மனப்பாடம். பூட்டுச் சாவிதான் அதுவரை கையில் இல்லை.

கடுமையான மறுப்பு ஒன்று இருக்கிறது. அதை இந்தத் துறையில் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் சாதியால் குப்பைக்குத் தள்ளப்பட்டவர்களை, கூட்டுறவு என்ற பெயரில் அதே குப்பையிலேயே நிறுத்திவைக்கலாமா? அம்பேத்கரைப் படித்த எவருக்கும் எழ வேண்டிய கேள்வி. எனக்குத் தெரிந்த வரையில் இதற்கு முழுமையான விடை இல்லை. ஓரளவு சொல்லலாம். லாரி வந்ததும் இந்தப் பெண்கள் குப்பையிலிருந்து விடுதலையாகி அலுவலகத்துக்குப் போகவில்லை. கிடங்குக்குப் போனார்கள், புகைக்கும் மேட்டில் நின்று பொறுக்கினார்கள். லாரி வேலை பெரும்பாலும் இளம் ஆண்களுக்குப் போனது, அதுவும் ஒப்பந்தக் கூலியாக. நாற்பது ஐம்பது வயதுப் பெண்ணுக்குக் கூட்டுறவு தருவது, அதே வேலையைத் தன் நிபந்தனையில் செய்யும் உரிமை. அவள் மகளுக்குத் தர வேண்டியது வேறு வேலை. அசுத்தத் தொழில் செய்வோரின் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகையைக் குப்பை பொறுக்குவோரின் பிள்ளைகளுக்கும் பெற்றுத்தர புனே சங்கம் வருடக்கணக்கில் போராடியது இதனால்தான். நிரந்தர மாநகராட்சி ஊழியராக்குவதே சரி என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. நிரந்தர வேலை கிடைக்கிற இடத்தில் அதைத்தான் கேட்க வேண்டும். ஆனால் நாடெங்கும் நகரங்கள் நிரந்தர இடங்களைக் குறைத்து ஒப்பந்தத்துக்கு மாற்றிவரும் நேரத்தில், அந்த ஒப்பந்தம் யார் கையில் போகிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வியாகிவிடுகிறது.

மேலிருந்து வரும் பணத்தையும் பார்ப்போம். பிளாஸ்டிக்கில் அடைத்து விற்கும் நிறுவனங்கள் அதைத் திரும்ப எடுக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பது சட்டம். 2022இல் வந்த வழிகாட்டுதல்படி, பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலைகள் சான்றிதழ் உருவாக்க, நிறுவனங்கள் அவற்றை வாங்கிக் கணக்குக் காட்டலாம். பிளாஸ்டிக்கைத் தெருவிலிருந்து எடுத்தவளுக்கு அந்தச் சான்றிதழ் விலையில் பங்கு உண்டு என்று எந்த ஏற்பாடும் இல்லை. சிப்ஸ் பாக்கெட் போன்ற பல அடுக்கு உறையைக் கிலோவுக்கு ஒரு ரூபாய்க்குக்கூடக் கேட்க ஆளில்லை. அதைக் குனிந்து எடுப்பது முழுக்க முழுக்கச் சேவை, வியாபாரமே இல்லை. நாப்கின் விஷயத்தில் புனே பெண்கள் பொறுமையிழந்தார்கள். செய்தித்தாளில் சுற்றிவைத்த நாப்கினை என்னவென்று தெரியாமல் பிரித்துப் பிரித்துக் கை நாறியதும், பயன்படுத்திய நாப்கின்களை மூட்டை கட்டி உற்பத்தி செய்த பெருநிறுவனங்களுக்கே 2013இல் அனுப்பிவைத்தார்கள். பொட்டலத்தின்மேல் சிவப்புப் புள்ளி வையுங்கள் என்று வீடுகளைக் கேட்கும் இயக்கமும் நடந்தது. உற்பத்தியாளர் பொறுப்பைப் பற்றி அந்த நிறுவனங்களுக்குக் கிடைத்த மிகத் தெளிவான ஆலோசனை அதுவாகத்தான் இருக்கும்.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதில் பாதி வேலையை அப்போதே முடித்துவைத்தன. குப்பை சேகரிப்போர் அமைப்புகளை உள்ளாட்சிகள் அங்கீகரித்து வீடு வீடாகச் சேகரிக்கும் பணியில் சேர்க்க வேண்டும், தரம் பிரிக்கப் போதிய இடம் தர வேண்டும் என்று அவை தெளிவாகக் கூறின. தமிழ்நாட்டின் நகரங்களில் 2022 முதல் பகுதி சபைகள் கூடுகின்றன. தெருவிளக்கும் சாக்கடையும் பேசப்படும் அந்தக் கூட்டத்தில், நம் வார்டின் குப்பை ஒப்பந்தத்தில் கூலி எதற்கு என்று ஒருவர் கேட்கலாம்: கிடங்கில் கொட்டும் டன்னுக்கா, கிடங்குக்குப் போகாமல் பிரித்தெடுத்த டன்னுக்கா? பிரிக்கும் கொட்டகை யார் பொறுப்பில் இருக்கிறது, அதன் சாவி யாரிடம், ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு என்றும் கேட்கலாம். பதில் சொல்ல வேண்டியவர் கோப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றால், அடுத்த கூட்டத்திலும் அதையே கேட்கலாம்.